வீட்டு எண் இல்லாத பதிவு

பழைய கணினியில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். புதியதில் வந்து சேர்ந்தவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.

ஓர் ஆள் குறைந்தால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் விடமாட்டார். பத்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கணினி வேலையை எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. அறையை அடைத்துக்கொண்டு பெரிய பெரிய இயந்திரங்கள் ஓடிய காலத்தில் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். நாற்பது வருஷம் ஒரே விரலால் தட்டிப் பிழைத்ததால் குடியிருப்பில் அவருக்கு ஒற்றைவிரல் என்றே பேர். படித்தவனையும் நம்பமாட்டார், இயந்திரத்தையும் நம்பமாட்டார். எண்ணிக்கையை மட்டும் நம்புவார். இப்போது எண்ணிக்கையே இடித்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணி. காலையில் பிடித்த மழை விடவில்லை. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்க, முன்னறை முழுவதும் ஈரத்துணியின் வாடையும் உள்ளறையிலிருந்து வரும் வலி மருந்தின் காட்டமும் கலந்து நிற்க, கணினியின் காற்றாடி மட்டும் சளி பிடித்த ஆள் மாதிரி இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

வேலை பெரிய வேலை இல்லை. குடியிருப்புச் சங்கத்தின் பழைய கணினியில் குடியிருப்பவர் பட்டியல் இருந்தது. அதை அப்படியே இறக்கிப் புதிய கணினியில் ஏற்ற வேண்டும். மாலை ஆறு மணிக்கு எல்லாக் கதவுகளிலும் புதிய கைரேகைப் பூட்டு வேலை செய்யத் தொடங்கும். பட்டியலில் யாருக்கு எந்த வீட்டு எண் இருக்கிறதோ அந்த வீட்டுக் கதவும், அதற்குப் போகும் வழியில் உள்ள கதவுகளும் அவருக்குத் திறக்கும். சும்மா கிடைக்கிற ஆள் என்று அவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

"என்னங்க, அந்தப் பொட்டி இன்னும் உங்கள விடலையா?" உள்ளறையிலிருந்து மனைவியின் குரல்.

"ஓர் ஆளைக் காணோம்."

"யாரை?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தேடுறேன்?"

"என்னையும் ஒருநாள் இப்படித் தேடுங்க. பக்கத்து ரூம்லதான் கிடக்கேன்."

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து ஐந்து வாரம் ஆகிறது. உள்ளே தகடு வைத்திருக்கிறார்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்பது வைத்தியரின் உத்தரவு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிட வேண்டும். அவருடைய இரண்டு கை இல்லாமல் அவளால் புரளக்கூட முடியாது. வாய் மட்டும் ஓடியாடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டம் நின்றுவிடக் கூடாதே என்பதுதான் அவருடைய ஒரே பயம்.

ஏற்க மறுத்தவை என்று புதிய கணினி ஒரு தனிக் கோப்பு வைத்திருந்தது. திறந்தார். உள்ளே ஒரே ஒரு பதிவு.

காரணம்: வீட்டு எண் வெறுமையாக இருக்கக் கூடாது.

இது வழக்கமான தகராறுதான். டேபிள் என்பது கட்டம் போட்ட தாள். எந்தக் கட்டத்தில் எழுத்து வரலாம், எதில் எண் வரலாம், எது காலியாக இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தலைப்பில் ஒரு சட்டம் எழுதியிருக்கும். அதற்கு வரையறை என்று பேர். பழைய வரையறையும் புதிய வரையறையும் ஒத்துப்போகாவிட்டால் பதிவுகள் வாசலிலேயே நின்றுவிடும். பழையதில் காலியாக விடலாம் என்று இருந்திருக்கும், புதியதில் கூடாது என்று இருக்கும். அவ்வளவுதான்.

பழைய கோப்பின் தலைப்பை எடுத்துப் படித்தார். வீட்டு எண் கட்டத்துக்கு நேராக யாரோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான்.

இந்தக் கட்டம் காலியாக இருக்கலாம். ஒரே ஒருவருக்காக. மாற்றாதீர்கள்.

அவர் இன்னொரு தடவை படித்தார். சோம்பேறிப் பயல், வேலையை முடிக்காமல் கடிதம் எழுதி வைத்திருக்கிறான் என்று முணுமுணுத்தார். ஆனால் கோப்பை மூடவில்லை. இருநூற்றுப் பதினொரு பேருக்கும் வீடு இருக்கிறது. ஒருவருக்காக மட்டும் சட்டத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். வீடு இல்லாதவன் குடியிருப்பவர் பட்டியலில் எதற்கு?

பதிவைப் பார்த்தார். கைரேகை இல்லை. வயது இல்லை. வந்த தேதி மட்டும் இருந்தது. அந்தத் தேதியில் இந்தக் கட்டடமே எழும்பியிருக்கவில்லை. பெயர்க் கட்டம் காலி போலத் தெரிந்தது. ஆனால் காலி இல்லை. சுட்டியை ஓட்டிப் பார்த்தார். உள்ளே வெற்றிடங்களாகத் தட்டி நிரப்பியிருந்தது. எழுத்துகள் இருந்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டதைப் போல.

சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"சார், சொல்லுங்க, முடிஞ்சுதா?"

"முடியல. ஒரு பதிவுக்கு வீட்டு எண் இல்ல. தூக்கிப் போட்டுறவா?"

"ஐயையோ, அது மட்டும் வேண்டாம் சார். பழைய செயலாளர் பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒன்னே ஒன்னுதான் சொன்னார். ஆளைக் குறைச்சிடாதீங்கன்னு."

"ஏன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன். காதுல விழாத மாதிரி சாவிக்கொத்தைக் கையில வெச்சுட்டுப் போயிட்டார்."

"நல்லா நடத்துறீங்கய்யா சங்கம். சரி, காலியா விடலாம்னு புதுசுல சட்டத்தை மாத்தித் தரச் சொல்லுங்க."

"அது பூட்டுக் கம்பெனிக்காரன் கையில இருக்கு. அவன் ரெண்டு மணிக்கே கிளம்பிட்டான் சார். ஆறு மணிக்குப் பூட்டு ஓடலேன்னா ஒருத்தரும் வீட்டுக்குள்ள போக முடியாது. ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு ஏத்திடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பவனை அவருக்குப் பிடிக்காது. ஆனால் கடிகாரம் ஐந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

ஏதாவது ஒரு எண் வேண்டும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒப்புக்கு ஒரு விலாசம் போட வேண்டுமென்றால் தன்னுடைய விலாசத்தைத்தான் போடுவார்கள். ஊரான் எண்ணைப் போட்டு ஏதாவது தப்பாகப் போனால் ஊரான் கதவு தட்டப்படும். தன்னுடையதைப் போட்டால் தன் கதவோடு போகும். நாற்பது வருஷமாக அவர் அப்படித்தான் செய்திருக்கிறார். அது ஒரு நாணயம் என்று கூட நினைத்திருந்தார். கைரேகையே இல்லாத பதிவு. எந்தப் பூட்டைத் திறந்துவிடப் போகிறது?

ஒற்றை விரலால் தட்டினார். மூன்று. ஏழு. மூன்றாம் மாடி, முப்பத்தேழாம் எண் வீடு.

கணினி மறுபடியும் மறுத்தது. ஒரு படுக்கையறை வீட்டில் இருவருக்கு மேல் கூடாதாம். அதுவும் ஒரு சட்டம். அவரும் அவளும் ஏற்கெனவே இரண்டு பேர். அவருக்கு எரிச்சல் வந்தது. ஏற்றும்போது சோதனையை அணைத்துவிடுவது, ஏற்றி முடித்ததும் மறுபடி போட்டுவிடுவது என்று ஒரு வழி உண்டு. காவல்காரனைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டு மூட்டையை உள்ளே கடத்துவது மாதிரி. காலிக் கட்டத்துக்கு அந்த வழி செல்லாது, ஆள் கணக்குக்குச் செல்லும். சோதனையை அணைத்தார். ஏற்றினார்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த நொடியில் கணினியின் காற்றாடி நின்றது. மழையின் சத்தம்கூட ஒரு கணம் எட்டிப்போன மாதிரி இருந்தது. எங்கோ ரொம்பக் கீழே, கட்டடத்தின் அடிவயிற்றில், கனமான ஒன்று இடம் மாறி உட்கார்ந்ததைப் போல ஒரு சத்தம். மேசைமேல் இருந்த தம்ளரில் தண்ணீர் வட்டமிட்டது. பிறகு காற்றாடி மறுபடியும் இழுக்கத் தொடங்கியது.

"என்னங்க அது?"

"லாரி ஏதாவது போயிருக்கும்."

"நம்ம சந்துலயா?"

அவர் சோதனையை மறுபடி போட்டார். கணினி உடனே கேட்டது: முப்பத்தேழாம் வீட்டில் ஒருவர் அதிகம். அதிகமானவரை வீட்டிலிருந்து விடுவிக்கவா? பட்டியலில் எண்ணிக்கை குறையாது.

அட, இதைத்தானே மதியத்திலிருந்து கேட்கிறேன் என்று நினைத்தார். மனுஷன் கட்டத்தைக் காலியாக விட்டால் தப்பு, இயந்திரம் தானே விட்டால் சரி. யாரை விடுவிக்கிறாய் காட்டு என்று பார்க்கத்தான் விரல் போயிற்று.

"என்னங்க, இடுப்பு மரத்துப்போச்சு. கொஞ்சம் வாங்களேன்."

"இதோ."

ஆம் என்ற இடத்தில் தட்டிவிட்டு எழுந்தார்.

அவளுடைய தோளுக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை கொடுத்து மெதுவாகத் தன் பக்கம் திருப்பினார். முகம் வெளிறியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். காலைப் பிடித்துவிட்டார். அரைமணி நேரம் போல ஆனதும் வலி தாங்காமல் மறுபடி சுவர்ப் பக்கமே விடச் சொன்னாள். விட்டார்.

"ஒரு ஆளைத் தேடினீங்களே, கிடைச்சாரா?"

"கிடைச்சார். வீட்டைவிட்டுத் துரத்தியாச்சு."

"பாவம். மழையில எங்க போவாரு?" என்று சிரித்தாள்.

ஆறு அடித்தது. கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் பூட்டுகள் சொடுக்கின. கீழிருந்து மேலாக, பல் கிட்டித்ததைப் போல.

முன்னறைக்கு வந்தார். திரையில் கதவுகளின் குறிப்பேடு ஓடத் தொடங்கியிருந்தது. எந்தக் கதவு, எத்தனை மணிக்கு, எந்த வீட்டுக்காரருக்குத் திறந்தது என்று ஒவ்வொரு வரியாக விழும். பிரதான வாசல், பன்னிரண்டாம் வீடு. பிரதான வாசல், நாற்பத்தொன்று. முப்பத்தேழாம் வீட்டில் எத்தனை பேர் என்று பார்த்தார். இருவர். அப்பாடா என்று முதுகைச் சாய்த்தார்.

ஆறு நான்கு. நிலவறைக் கதவு. திறந்தது. முப்பத்தேழாம் வீடு.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். வரி அப்படியே இருந்தது. முப்பத்தேழாம் வீட்டில் இருப்பவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உள்ளே படுத்திருக்கிறாள். ஒருவர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளரைக் கூப்பிட்டார். "நிலவறையில யாருய்யா இருக்கா?"

"நிலவறையிலயா? ஒருத்தரும் இல்ல சார். அந்தக் கதவுக்குப் பின்னாடி ஒன்னுமே இல்ல. செங்கல் வெச்சு அடைச்சுப் பல வருஷமாச்சு."

"அப்புறம் எதுக்கு அதுல பூட்டு?"

"கதவுன்னு இருந்தா பூட்டு போடச் சொன்னோம். அவன் போட்டுட்டான். ஏன் சார், என்ன ஆச்சு?"

ஆறு ஆறு. தரைத்தளப் படிக்கட்டுக் கதவு. திறந்தது. முப்பத்தேழாம் வீடு.

"பூட்டையெல்லாம் நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க."

"என்னால முடியாது சார். மாடிக்கு மாடி படிக்கட்டுக் கதவு பக்கத்துல ஒரு சாம்பல் பெட்டி இருக்கு. அதுல பெரிய சுவிட்சு. அதை இறக்கினா அந்த மாடிப் பூட்டெல்லாம் செத்துடும். திறக்கவே திறக்காது. சார்? சார், சத்தமா பேசுங்க..."

ஆறு எட்டு. முதல் மாடிப் படிக்கட்டுக் கதவு.

ஒரு மாடிக்கு இரண்டு நிமிஷம். நடக்கத் தெரிந்தவன் ஒரு மாடி ஏற அரை நிமிஷம் போதும். இது ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுகிறது. இல்லையென்றால் காலே பழக்கமில்லாதது. பதிவை அழிக்கப் பார்த்தார். கணினி மறுத்தது. அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு குறிப்பேட்டில் வரிகள் இருக்கின்றனவாம். முதலில் வரிகளை அழித்தார். பதிவுக்குத் திரும்புவதற்குள் புதிய வரி விழுந்தது.

ஆறு பத்து. இரண்டாம் மாடி.

வாசனை முதலில் வந்தது. சுண்ணாம்பும் நனைந்த செங்கல்லும். பல வருஷம் மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாடை. கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து கால்களைச் சுற்றிக்கொண்டது.

"என்னங்க, என்னமோ நாறுது."

"நீ பேசாம படு. ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்."

"எங்க போறீங்க? என்னை இப்படி விட்டுட்டுப் போகாதீங்க."

"வாசல் வரைக்கும்தான்."

தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டார். பூட்டை அவர் நம்பவில்லை. கதவைத் திறந்து, வலது கால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் செருகினார். நன்றாக அழுத்தினார். சாத்திக்கொள்ளாது.

நடையில் விளக்கு மங்கலாக எரிந்தது. இருபது அடி தூரத்தில் படிக்கட்டுக் கதவு. பக்கத்துச் சுவரில் சாம்பல் பெட்டி. ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். தரை ஈரமாக இருந்தது. இவ்வளவு உள்ளே மழைத் தண்ணீர் வராது.

பெட்டியின் மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினார். நகம் பெயர்ந்தது. வலி தெரியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் படியில் சத்தம். ஓர் அடி. நிற்கிறது. ஓர் அடி. நிற்கிறது.

மூடி திறந்தது.

கதவின் பூட்டில் பச்சை விளக்கு எரிந்தது.

கதவு திறந்தது. முழுவதுமாக. மெதுவாக. ஒருவர் நுழையும் நேரம் அப்படியே நின்றது. பிறகு சாத்திக்கொண்டது.

ஒருவரும் இல்லை.

அவர் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, சுண்ணாம்பு வாடை கடந்து போயிற்று. அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

ஓடினார். அறுபத்துமூன்று வயதுக் கால்கள் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு. இருபது அடி. அதற்குள்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அவர் செருகிய செருப்பு வெளியே, கால்மிதியடிமேல், ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது.

விரலைப் பூட்டில் வைத்தார். சிவப்பு. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. சின்னத் திரையில் எழுத்து ஓடியது: இந்த வீட்டவர் அல்ல.

தொலைபேசியில் பட்டியலைத் திறந்தார். முப்பத்தேழாம் வீடு. இருவர். ஒன்று அவள் பெயர். இன்னொன்று அவர் பெயர். பெயர் அவருடையது. வயது அவருடையது. வந்த தேதி மட்டும் அவருடையது இல்லை. கட்டடம் எழும்பாத காலத்துத் தேதி.

வீடு இல்லாதவர்: ஒருவர்.

அதைத் திறந்தார். பெயர்க் கட்டத்தில் எழுத்து இல்லை. வெற்றிடங்கள். எண்ணிப் பார்த்தார். அவர் பெயரில் எத்தனை எழுத்தோ அத்தனை.

கதவை இரண்டு கையாலும் அறைந்தார். கத்தினார். அக்கம்பக்கத்துக் கதவு ஒன்றும் திறக்கவில்லை. அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கையடி மட்டும், யாரோ தூரத்தில் தட்டுவதைப் போலக் கேட்டது.

உள்ளே அவள் குரல். தெளிவாக.

"யாருங்க கதவைத் தட்டுறது?"

காலடி. கதவை நோக்கி. ஓர் அடி. நின்றது. ஓர் அடி. கதவின் பார்வைத் துளையில் தெரிந்த முன்னறை வெளிச்சம் மறைந்தது. அந்தப் பக்கம் ஏதோ ஒன்று துளையில் கண்ணை வைத்திருந்தது. நெடுநேரம் வைத்திருந்தது.

"ஒருத்தரும் இல்ல. நீ படு."

அவருடைய குரல்.

"வந்துட்டீங்களா? எவ்வளவு நேரமா கூப்பிடறேன். மறுபடி மரத்துப்போச்சுங்க. உங்க பக்கமாத் திருப்பி விடுங்களேன்."

துளையில் வெளிச்சம் திரும்ப வந்தது. காலடி உள்ளறைக்குப் போயிற்று. இப்போது நின்று நின்று போகவில்லை. பழகிவிட்ட நடை.

அவர் கதவில் காதை ஒட்டிக்கொண்டார்.

"ஐயோ, கை என்ன இப்படிச் சொரசொரன்னு இருக்கு... மெதுவா... மெதுவாங்க..."

கட்டில் கிறீச்சிட்டது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளை அது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.